ஆயிரம் வெள்ளி பட்ஜெட்டில் ஒரு சின்ன மடிக்கணினி: லோ யாட்டில் வாங்கிய தின்க்பேட் எக்ஸ்280

கையில் 1,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பாலிடெக்னிக்குக்கோ கல்லூரிக்கோ போகிற பிள்ளைக்கு, பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி சின்னதாக ஒரு மடிக்கணினி வேண்டும். இந்த நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான, மலிவான சேமிப்புச் சில்லு) போட்ட புத்தம் புது விண்டோஸ் மெஷினை வாங்காதீர்கள். அதே காசுக்கு, பல நேரம் அதைவிடக் குறைவாகவே, ஏதாவது ஒரு கம்பெனி சில வருஷம் பயன்படுத்திவிட்டுக் கழித்த நல்ல ஆபீஸ் மெஷின் எஸ்எஸ்டியோடு (வேகமான சேமிப்பகம்) கிடைக்கிறது.

அக்கா மகள் கணக்கியல் டிப்ளோமா படிக்கிறாள். பணம் அக்கா கொடுத்தார், தேடித் தேர்ந்தெடுக்கிற வேலை என்னுடையது. வாங்கியது லெனோவோ தின்க்பேட் எக்ஸ்280, 2018இல் வந்த மாடல், ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் பழைய மெஷின்களைச் சரிபார்த்து விற்கிற ஒரு சின்னக் கடையில் 850 வெள்ளி. ஒரு செமஸ்டர் முழுக்க அவளுடைய பையில் போய் வந்துவிட்டது, இப்போது எழுதினால் சரியாக இருக்கும்.

அக்காவுக்கு முதலில் மனசே இல்லை. "புதுசுன்னா வாரண்டி இருக்கும்டா தம்பி, யாரோ தட்டித் தேய்ச்சதை எதுக்குப் பிள்ளைக்கு வாங்கித் தரணும்" என்றார். அது நியாயமான கேள்விதான். கண்ணாடி அலமாரியில் வெள்ளி நிறத்தில் மெல்லிசாக நிற்கிற 14 இன்ச் மெஷினைப் பார்த்தால் யாருக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் பக்கத்தில் ஒட்டியிருக்கிற சின்ன அட்டையைப் படிக்க வேண்டும். செலரான் (இன்டெலின் மலிவு பிராசசர்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

இஎம்எம்சி என்பது மலிவான கைப்பேசிகளில் இருக்கிற அதே வகை சேமிப்புச் சில்லு. மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். காகிதக் கணக்கிலேயே அதன் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பியைத் தொடும், அதைவிட வேகமான வகையான என்விஎம்இ எஸ்எஸ்டியில் நல்லது 3,000 எம்பியைத் தாண்டும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இஎம்எம்சியால் ஒரு நேரத்தில் படிக்க முடியும் அல்லது எழுத முடியும், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. விண்டோஸ் சும்மா இருக்கும்போதே பின்னால் ஆயிரம் சின்னச் சின்னக் கோப்புகளைப் படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும், அப்டேட் வேறு இறங்கும், அப்போது நீங்கள் வேர்டைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். ரேம் 4 ஜிபி மட்டும் என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே மெதுவான சில்லில்தான் கொண்டுபோய் வைக்கும்.

வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இடத்தை என்ன செய்வது? 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்து படித்தபோது அக்கா அவசரத்துக்கு இப்படி ஒன்று வாங்கினார். எந்த பிராண்ட் என்பது முக்கியம் இல்லை, இந்த விலையில் இந்த அமைப்போடு வருகிற எல்லாமே இப்படித்தான். 64 என்று அட்டையில் போட்டிருந்தாலும் விண்டோஸ் காட்டுவது 58 சொச்சம். அதில் விண்டோஸும் அதன் மீட்புப் பகுதியும் கிட்டத்தட்ட பாதியை எடுத்துக்கொள்ளும். அடுத்து அப்டேட்டுக்கு என்று சுமார் 7 ஜிபியைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஆபீஸ், குரோம், ஜூம், வாட்ஸ்அப், பாடக் கோப்புகள். கொஞ்ச நாளில் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. பெரிய அப்டேட் வரும்போது இடம் போதவில்லை, ஒரு பென்டிரைவைச் செருகு என்று விண்டோஸே கேட்கும். பிள்ளை இணைய வகுப்பை விட்டுவிட்டு எந்தப் படத்தை அழிக்கலாம், எந்தச் செயலியை நீக்கலாம் என்று உட்கார்ந்து தேடியதைப் பார்த்திருக்கிறேன். சில்லு பற்றவைத்தது என்பதால் பெரிதாக மாற்றவும் வழி இல்லை. அது கெட்டுப்போனால் போர்டையே மாற்ற வேண்டும், உள்ளே இருக்கிற கோப்புகளை மீட்பதும் பெரும்பாடு.

இன்னொன்று, இந்த மெஷின்களில் பல விண்டோஸ் எஸ் மோடில் வரும். மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இருப்பதைத் தவிர வேறு எதையும் நிறுவ முடியாது, குரோம்கூட முடியாது. அதிலிருந்து வெளியே வர காசு கேட்க மாட்டார்கள், ஆனால் வந்துவிட்டால் திரும்பப் போக முடியாது. இது பெரிய தலைவலி இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

அதற்காக இஎம்எம்சி என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. எந்த இயங்குதளத்தை அதன் மேல் ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குரோம்புக்கில் (கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடுகிற மடிக்கணினி) அதே 64 ஜிபி தாராளமாகப் போதும், ஏனென்றால் குரோம்ஓஎஸ் எடுக்கிற இடம் குறைவு, வேலை பெரும்பாலும் பிரவுசரிலேயே நடக்கும். தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கணக்கு கூகுளோடு சேர்ந்தே வருகிறது, அவர்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும். 2021க்குப் பிறகு வந்த குரோம்புக் மாடல்களுக்குக் கூகுள் 10 வருஷம் அப்டேட் தருகிறது. அந்தப் பத்து வருஷம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்காது, அந்த வகை மெஷின் முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுவார்கள். அதனால் மலிவு விலையில் பழைய குரோம்புக் கண்ணில் பட்டால், அந்த மாடலின் அப்டேட் எந்த மாதம் முடிகிறது என்று கூகுளின் பட்டியலில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அக்கா வீட்டில் கிடந்த அந்தப் பழைய மெஷினில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன், எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. நிறுவ 20 ஜிபி இருந்தாலே போதும் என்கிறார்கள், மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பிரவுசர், லிப்ரேஆபீஸ், யூடியூப், பில் கட்டுவது, இவ்வளவுதான் அக்காவின் தேவை. இப்போது அது சத்தம் போடாமல் ஓடுகிறது. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் ஒலியும் சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறுவலாம் என்பது லினக்ஸில் பெரிய வசதி.

அப்படியென்றால் மகளுக்கும் லினக்ஸ் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கணக்கியல் பிள்ளைக்கு எக்ஸெல் இல்லாமல் முடியாது. பிரவுசரில் ஓடுகிற எக்ஸெலில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஓடாது, லிப்ரேஆபீஸில் திறந்தால் விரிவுரையாளர் கொடுத்த கோப்பு சில இடத்தில் வேறு மாதிரி வந்து நிற்கும். குழுவாகச் செய்கிற அசைன்மென்டில் நான்கு பேர் விண்டோஸில் இருக்க, இவள் மட்டும் ஒவ்வொரு முறையும் கோடுகளைச் சரிசெய்துகொண்டிருக்கக் கூடாது. ஆகவே விண்டோஸ்தான் என்று முடிவானது. விண்டோஸ் என்றால் எஸ்எஸ்டி வேண்டும், 8 ஜிபி ரேம் வேண்டும். இரண்டையும் புதிதாக வாங்கினால் 1,000 வெள்ளிக்குள் அடங்கவில்லை. பழைய ஆபீஸ் மெஷின் பக்கம் போனது இப்படித்தான்.

பழையதில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, இதைக் கடையில் பெரும்பாலும் யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அதற்குப் பின்னால் வருகிற எண்ணைப் பாருங்கள். 6200, 7300 என்று 6லோ 7லோ தொடங்கினால் விட்டுவிடுங்கள், 8250, 8350 என்றால் சரி. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற எக்ஸ்270ஐயும் எக்ஸ்280ஐயும் பிரிப்பது இந்தக் கோடுதான். எட்டாம் தலைமுறையில் இன்டெல் இந்த வகை ஐ5 சில்லுகளின் கோர்களை இரண்டிலிருந்து நான்காகவும் கூட்டியது, அதனால் ஒரு வருஷ இடைவெளிக்கு வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும். லினக்ஸ் மட்டும் போதும் என்பவர்கள் ஏழாம் தலைமுறையைத் தைரியமாக எடுக்கலாம், விலை இறங்கிக் கிடக்கிறது.

லோ யாட்டுக்குக் காரில் போகாதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கிறவர்கள் துன் சம்பந்தனில் மோனோரெயில் ஏறினால் மகாராஜாலேலா, ஹாங் துவா, அடுத்தது இம்பி, அங்கிருந்து நடை தூரம். வார நாளில் போனால் கடைக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். நாங்கள் வாங்கிய கடையில் இருந்தவர் நம் ஆள், வயசு இருபத்தைந்து இருக்கும். எக்ஸ்280ஐக் கேட்டதும் இரண்டை எடுத்து வைத்தார். "அண்ணே, எஸ்எஸ்டியை எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். ரேம் மட்டும் போர்டோட வருது, கூட்ட முடியாது. அதனால 4 ஜிபி விலை கம்மின்னு எடுத்துடாதீங்க" என்று அவரே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தக் கடையில் வாங்கினேன்.

மெஷினைச் சோதிக்க அவர் தடை சொல்லவில்லை. லோகோ வரும்போது எஃப்1 அழுத்தி பயோஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய் கடவுச்சொல் எதுவும் பூட்டி வைக்கவில்லை என்று பார்த்தோம், கம்பெனியிலிருந்து வருகிற மெஷின்களில் இது அவசியம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டி எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் பார்த்தோம், 94 சதவீதம் காட்டியது. கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் என்று கொடுத்தால் பேட்டரியின் பழைய கொள்ளளவும் இப்போதையதும் வரும். புதிதாக இருக்கும்போது 48 வாட்-மணி, இது 39ஐத் தாங்கியது. காலை வகுப்பு முழுக்க தாங்குகிறது, மதியத்துக்கு மேல் சார்ஜர் தேடுகிறாள். சார்ஜ் யுஎஸ்பி-சி வழியாகத்தான் ஏறுகிறது, ஆகவே 45 வாட் சார்ஜர் ஒன்று இருந்தால் கைப்பேசிக்கும் இதற்கும் சேர்த்தே போதும்.

திரையில் கவனம் வேண்டும். இதே எக்ஸ்280இல் 1366க்கு 768 திரையும் உண்டு, 1920க்கு 1080 திரையும் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டில் ஒன்று அந்தக் குறைந்த வகை, 70 வெள்ளி மலிவு, பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுத்துப்போகிறது. நாள் முழுக்க எக்ஸெல் கட்டங்களைப் பார்க்கிற கண்ணுக்கு அந்த 70 வெள்ளியைச் சேமிக்க வேண்டாம். 12.5 இன்ச் சின்னதுதான், அதை மறைக்க முடியாது, வீட்டில் பழைய மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்துக்கொள்கிறாள். எடை ஒன்றேகால் கிலோகூட இல்லை. கீபோர்ட் தட்டத் தட்ட இன்பம், எனக்கே ஒன்று வாங்க ஆசை வந்தது. கன்ட்ரோல் விசை இருக்க வேண்டிய மூலையில் எஃப்என் இருப்பது முதலில் குழப்பும், பயோஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ் தட்டுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, குரோம்ஓஎஸ்ஸிலும் இருக்கிறது, மின்டில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகிய ஆசிரியர்கள் விண்டோஸையோ மேக்கையோ பார்த்து எடுப்பது நல்லது.

ரசீதை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். மாடல், ரேம், எஸ்எஸ்டி அளவு, எத்தனை மாத வாரண்டி, எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு மூன்று மாதம் கொடுத்தார், பேட்டரிக்கு இல்லை என்பதையும் எழுதியே கொடுத்தார். எழுத்தில் இருந்தால், பின்னால் தகராறு வந்தாலும் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வருமான வரிக்கும் அதே ரசீது வேண்டும். கணினி வாங்கிய செலவு 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறைச் சலுகைக்குள் வரும், ஆனால் அது தனக்கும் துணைக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான். நான் காசு கொடுத்திருந்தால் அக்கா மகளுக்கு வாங்கியதைக் கணக்குக் காட்ட முடியாது. அதனால் அக்கா பெயரிலேயே ரசீது போட்டு, கையோடு ஒரு படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.