துபாயா, சிங்கப்பூரா, உம்மா வீடா?

கீழக்கரையில் கைப்பிள்ளையோடு இருப்பவளிடம் "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் வெளிநாட்டுப் பேர்தான் பதிலாக வரும். அடுத்த கேள்வி, "நீ எப்போ போறே?" என் மகனுக்கு இரண்டரை வயதானபோது நான் துபாய் போனேன். தங்கச்சி தன் மகளோடு சிங்கப்பூரில் இருக்கிறாள். இரண்டு வீட்டிலும் சமைத்த தைரியத்தில் எழுதுகிறேன்.

விசாவிலேயே பாதிப் பேருக்கு முடிவு தெரிந்துவிடும். அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். சிங்கப்பூரில் ஒர்க் பர்மிட்காரர் மனைவி மக்களைக் கூட்டிப்போய்க் குடிவைக்க வழியே இல்லை. அதற்கு மேல்படியான வேலை அனுமதி எஸ் பாஸ் இருந்தாலும் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலரைத் தொட வேண்டும். பாஸ் கிடைத்த சந்தோஷத்தில் ஊருக்கெல்லாம் தொதல் இனிப்பு கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

அதற்காக 4,000 திர்ஹமில் குடித்தனம் நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். துபாயில் வருஷ வாடகைக்குத் தேதி போட்ட செக்குகளை முன்கூட்டியே கொடுப்பதுதான் வழக்கம். அந்தத் தேதி நெருங்கும் வாரம் எங்கள் வீட்டில் மீன் வாங்க மாட்டோம்.

காகித வேலையில் துபாய்தான் படுத்தும். நிக்காஹ் சான்றிதழுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். அங்கே இறங்கியதும் இன்னொன்று. எங்கள் பையனின் பிறப்புச் சான்றிதழில் பேரே ஏறவில்லை, 'ஆண் குழந்தை' என்றுதான் இருந்தது. ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் ஏற்றியிருக்கலாம். அசட்டையாக விட்டது எங்கள் தப்பு. தங்கச்சிக்கு வேறு தலைவலி. வெளிநாட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக் கூடத் தங்கும் பாஸ் கேட்டால், தட்டம்மை, தொண்டை அடைப்பான் ஊசிகள் போட்டதற்குச் சிங்கப்பூரில் ஆதாரம் கேட்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையை உம்மா அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தாள்.

நான் எதிர்பார்க்காத வித்தியாசம் கடிகாரத்தில் இருந்தது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். உம்மா இஷா தொழுதுவிட்டு எட்டரைக்குப் போனை எடுத்தால் எங்களுக்கு ஏழு மணி. மகன் சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்து, "உம்மம்மா, இன்னைக்கு என்ன ஆணம்?" என்பான். அங்கே அவர்கள் சட்டியைச் சாய்த்துக் காட்டுவார்கள், இங்கே இவன் வாயைத் திறப்பான். அந்தச் சட்டியைப் பார்த்துத்தான் பாதிச் சோறு இறங்கும். அதே நேரம் தங்கச்சி வீட்டில் பதினொரு மணி, பிள்ளை தூங்கி ரொம்ப நேரமாகியிருக்கும். அவளுக்கு உம்மா சாயங்கால அசர் தொழுகை வேளையில் தனியாக உட்கார வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் உம்மா அசந்து தூங்கிவிடுவார்கள்.

விளையாட இடம் என்று பார்த்தால் சிங்கப்பூருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன். அரசு அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் பெரும்பாலும் திறந்தவெளி. மழை பெய்தாலும் பிள்ளை அங்கே ஓடும். துபாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் வெளியே விட முடியாது. மகன் ஆறாவது மாடி ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்பான், மங்கலாக ஒரு வட்டம் பதிந்திருக்கும். குளிர்காலம் வந்ததும் துபாய் ஓடைக்கரையில் இருக்கும் தேராவிலிருந்து அப்ரா படகில் ஒரு திர்ஹம் கொடுத்து அக்கரைக்குக் கூட்டிப்போவோம். டீசல் வாடை பட்டதும், "நம்ம ஊர் வள்ளம்" என்று கத்துவான்.

பள்ளிக்கூடத்தில்தான் எனக்கும் தங்கச்சிக்கும் ஒத்துப்போவதில்லை. துபாயில் நாலு வயதில் கேஜி, முதுகில் பை. நம்ம பாடத்திட்டப் பள்ளிகள் நிறைய, அரபியும் மார்க்கக் கல்வியும் அங்கேயே கிடைத்துவிடும். ஓதுவதற்குத் தனியாக அலைய வேண்டாம் என்பது எனக்குப் பெரிய விஷயம். சிங்கப்பூரில் ஏழு வயதாகும் வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு. தமிழ் ஆட்சிமொழி என்பதால் அரசுப் பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம். ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக மிச்சமிருந்தால்தான் நமக்கு இடம், கட்டணமும் பல மடங்கு.

அப்புறம், பெரியவர்கள் சொல்லும் மூன்றாவது வழி: "பிள்ளையோட இங்கேயே இரு, அவர் வந்து போகட்டும்." எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் உம்மா வீட்டில்தான் இருப்பாள் என்பதால் இது சுலபம், செலவும் குறைவு. ஆனால் அவர் லீவில் வந்தபோது மகன் அவர் கையால் சோறு வாங்கவே இருபது நாள் ஆனது. லீவு முப்பது நாள்.

அதனால் நாலு வயது வரைக்குமாவது துபாய் என்பேன், ஜூலை ஆகஸ்டில் ஊர். ஊரில் எல்லாரும் அந்த லீவுக்குத்தான் வருவார்கள் என்பதால் மதுரை டிக்கெட்டை மட்டும் மார்ச்சிலேயே எடுத்துவிடுங்கள்.