கோத்தகிரி ஆசாரி கடையும் அம்மாவின் மெட்டியும்

கோத்தகிரியில் பழைய வெள்ளியையோ தங்கத்தையோ மாற்றிச் செய்ய வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்றால் மார்க்கெட் பக்கம் படி ஏறிப் போகிற சந்தில் இருக்கும் ஆசாரி கடைக்குப் போங்கள். பெயர்ப்பலகையில் எழுத்தெல்லாம் மழையில் உரிந்து வெறும் தகரம்தான் தொங்குகிறது, யாரைக் கேட்டாலும் ஆசாரி கடை என்று கை காட்டுவார்கள். ஷோகேஸ் கிடையாது. உயரம் குறைந்த ஒரு மரப்பலகை, உமிச்சட்டி, கேஸில் எரியும் ஊதுகுழல், கம்பியச்சு, ஒரு எலக்ட்ரானிக் தராசு, அவ்வளவுதான். மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் நான்காவது ஆள் குடையோடு வெளியே நிற்க வேண்டும்.

நான் போனது அம்மாவின் மெட்டிக்காக. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. கருமாதி அன்று மெட்டியைக் கழற்ற வேண்டும் என்றார்கள், அது வரவில்லை. 1970இல் கண்டிப் பக்கத் தோட்டத்தில் கல்யாணமானபோது போட்டது, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்தபோதும் அந்தக் காலிலேயே வந்தது, அப்புறம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அத்தனை வருஷமும் பூட்ஸுக்குள் கிடந்து விரலோடு விரலாகிவிட்டது. சோப்பு போட்டு, தேங்காய் எண்ணெய் தடவி, நாலு பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து இழுத்தார்கள். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசாமல் நின்றேன், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

போன தை மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து, இதில் பாப்பாவுக்குக் காப்பு செய்து போடு என்றாள். உள்ளே அந்த மெட்டிகள், இரண்டு ஜோடி. எங்கள் சித்தி பதறிவிட்டாள். கழற்றின மெட்டியைப் போய்ப் பச்சைப் பிள்ளைக்குப் போடுவார்களா, ஆகாது என்றாள். அம்மா அவளுக்குப் பதில் சொல்லாமல் என் கையில் முடிச்சைத் திணித்தாள்.

முதலில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து இன்னும் கீழே ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த பையன் மெட்டிகளைப் பிளாஸ்டிக் தட்டில் கொட்டி, 13.4 கிராம், கழிவு போக இவ்வளவு வரும், காப்பு ரெடிமேடாக இருக்கிறது மேடம், எக்ஸ்சேஞ்ச் போட்டுக்கொள்ளலாம் என்றான். இதே வெள்ளியில் செய்து தர முடியாதா என்று கேட்டேன். எல்லாம் ஒன்றாகத்தான் உருக்கப் போகும், வெள்ளி வெள்ளிதானே என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அவன் தொழிலில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் என்னால் அந்தத் தட்டில் விட்டுவிட்டு வர முடியவில்லை.

ஆசாரி கடையில் முதல் கேள்வியே வேறாக இருந்தது. தராசைத் தொடவில்லை. ஒரு மெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் பூ வேலை கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் விரலுக்கு அடியில் தரையில் படுகிற பக்கம் தேய்ந்து தேய்ந்து காகிதம் போல ஆகியிருந்தது, அதன் நடுவில் ஒரு மெல்லிய பள்ளம். அதை நகத்தால் தடவிவிட்டு, “இது யாருதுங்க?” என்றார். அம்மாவுடையது என்றேன். “அப்பா இல்லைங்களா?” இல்லை என்றேன். “அப்ப அம்மாவையே கூட்டிட்டு வாங்க டீச்சர். அவங்க முன்னாடிதான் அடுப்புல வைப்பேன்.”

நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிற பாட்டுகளெல்லாம் வேறு மாதிரி மனசுக்குள் ஓடின. நம் கவிதைகளில் பெண்ணின் நகை பேசத் தொடங்குவது பெரும்பாலும் அதைப் போடும்போது அல்ல, கழற்றும்போதுதான். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் காலிலிருந்து சிலம்பைக் கழற்றுவது சங்க காலத்தில் தனிச் சடங்கு, சிலம்பு கழி நோன்பு. ஐங்குறுநூற்றின் 399ஆவது பாட்டில், மகள் காதலனோடு போய்விட, அவர்கள் பையன் வீட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெண்ணின் தாய் கேட்கிறாள்: சிலம்பு கழற்றும் சடங்கை உங்கள் வீட்டில் செய்தாலும் செய்யுங்கள், கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும் என்று அவன் அம்மாவிடம் யாராவது சொன்னால் என்ன? மகளின் காலிலிருந்து அந்தச் சிலம்பைக் கழற்றுகிற பாக்கியத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கல்யாணத்தை மட்டும் யாசிக்கிற தாய் அவள். என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வரியை வகுப்பில் நிறுத்தாமல் சொல்ல எனக்கு முடிந்ததில்லை.

குறுந்தொகை 7ஆம் பாட்டிலும் இதேதான். மூங்கில் அடர்ந்த காட்டு வழியில் எதிரே வருகிறவர்கள் ஒரு ஆணையும் பெண்ணையும் பார்க்கிறார்கள். அவன் காலில் கழல், அவள் காலில் இன்னும் சிலம்பு. வேறு எதுவும் விசாரிக்கவில்லை, சிலம்பு இருக்கிறது என்றால் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள், பாவம் யாரோ என்று இரங்குகிறார்கள். கால் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறது. அன்று கல்யாணத்தில் காலிலிருந்து ஒன்றைக் கழற்றினார்கள், இன்று கல்யாணத்தில் காலில் ஒன்றைப் போடுகிறோம். எப்படியும் பெண்ணின் கால் அவளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை போலும்.

பிரிவு வந்தால் வளையல். மெலிந்த தோளிலிருந்து தொடி நழுவுவதைத் திருக்குறள் 1234இல் படிக்கலாம், “பணைநீங்கிப் பைந்தொடி சோரும்”. ஆண்டாள் இன்னும் அழகாகச் செய்வாள். திருவரங்கத்து அழகன் என் கழல்வளையை நிஜமாகவே கழல்கிற வளை ஆக்கிவிட்டானே என்று ஒரே சொல்லை இரண்டாகத் திருப்புவாள், நாச்சியார் திருமொழியில். அதே ஆண்டாள் திருப்பாவை 27இல் நோன்பு முடிந்த சந்தோஷத்தில் சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் என்று நகைப்பெட்டியையே கொட்டுவாள். போட்டுக்கொள்கிற மகிழ்ச்சிக்கு எனக்கு உடனே நினைவு வருகிற பாட்டு அது ஒன்றுதான்.

சாவுக்கு வந்தால் புறநானூறு 224. கரிகாலன் இறந்தபோது கருங்குழல் ஆதனார் பாடியது. கோடையில் அருவி வற்றிப் பசியால் வாடும் மாடுகளுக்காகக் கோவலர்கள் வேங்கை மரத்தின் தழையைப் பூவோடு கொய்துவிடுகிறார்கள், அந்த மொட்டை மரம் போலப் பெண்கள் இழை களைந்தார்கள் என்கிறார். கருமாதி அன்று நான் பார்த்தது அந்த மரத்தைத்தான். ஆனால் அம்மா மஞ்சள் துணியை நீட்டியபோது எனக்கு வேறொன்று தோன்றியது, பாட்டில் அது இல்லை: தழை கொய்த வேங்கை அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

சரி, கடைக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன். 74 வயது, அந்தப் படி ஏற மூன்று இடத்தில் நின்றாள். ஆசாரி தன் முக்காலியைத் துடைத்துப் போட்டார். “பெரியம்மா, இதை உருக்குறதுல உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?” என்று கேட்டார். அந்த மெட்டியின் விஷயத்தில் அம்மாவிடம் யாராவது சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை, போட்டபோதும் கேட்கவில்லை, கழற்றியபோதும் கேட்கவில்லை. அம்மா, “நீ செய் தம்பி” என்றாள். சித்தி சொன்னதையும் நான் சொன்னேன். அவர், “நெருப்புல போனதுக்கு ஏதுங்க தீட்டு” என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார்.

மெட்டி மட்டும் போதாது, காப்பு உறுதியாக வராது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மகள் பத்தாம் வகுப்பில் போட்டிருந்த கொலுசு அறுந்து கிடந்தது, அதில் ஒரு துண்டும் கொண்டு போனேன். எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, எடை போட்டு, எனக்கும் காட்டி, ஒரு நோட்டில் எழுதினார். பிறகு வெண்காரம் தூவி மூசையில் வைத்து ஊதுகுழலைப் பிடித்தார். “நீங்க பார்த்துக்கிட்டே இருங்க டீச்சர், கண்ணை எடுக்காதீங்க” என்றார். கண்ணகியின் சிலம்பு யார் கையில் போய் என்ன ஆனது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. மெட்டிகள் சிவந்தன, பூ வேலை அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது, புதிதாகச் செய்த நாளில் இருந்த மாதிரி ஒவ்வொரு இதழும். சட்டென்று அந்தத் தேய்ந்த அடிப்பக்கம் முதலில் விட்டுக்கொடுத்தது, வளையம் வாய் திறந்தது, அப்படியே சரிந்து பளபளவென்று ஒரு துளியாகிவிட்டது. கொலுசுத் துண்டு இன்னும் உருகாமல் பக்கத்தில் கிடந்தது. சுத்த வெள்ளி உருக 961 டிகிரி சூடு வேண்டும், செம்பு கலந்திருந்தால் அதற்கு முன்னாலேயே இளகும், பழைய மெட்டியில் உறுதிக்காகச் செம்பு கூடுதலாகப் போடுவார்கள் என்று விளக்கினார். கொஞ்ச நேரத்தில் கொலுசும் கரைந்து மெட்டித் துளியோடு போய்ச் சேர்ந்தது. அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, “வந்துருச்சு, வந்துருச்சு” என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள், பிரசவத்தில் சொல்கிற மாதிரி.

அங்கே எங்களோடு காத்திருந்த படுகர் அக்கா ஒருவர், அவர் பாட்டியின் மூக்குத்தியைப் பழுதுபார்க்க வந்தவர், தங்கள் பழைய வழக்கத்தைச் சொன்னார். முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் கணவன் மனைவிக்குக் கண்ணி கட்டுவான், அந்தக் கயிறு ஏறின பிறகுதான் கல்யாணமே முழுசாகும் என்றார். நமக்கு அதே ஏழாம் மாதத்தில் வளைகாப்பு. அம்மாவும் அந்த அக்காவும் கண்ணாடி வளையலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள், மழை விட்டும் பேச்சு விடவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். சொன்ன நாளில் தர மாட்டார். திங்கட்கிழமை என்றால் அடுத்த வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மூன்று தடவை அலைச்சல். கார்டு எடுப்பதில்லை, ஜிபே உண்டு, ஆனால் மழையில் சிக்னல் போய்விடும், கையில் ரொக்கம் வைத்துக்கொள்வது நல்லது. பில் கேட்டால்தான் எழுதுகிறார், கேட்டு வாங்குங்கள். மெருகும் பெரிய கடை மாதிரிக் கண்ணாடியாக வராது, உற்றுப் பார்த்தால் அரத்தின் கோடு தெரியும். புதுத் தங்கம் வாங்க இது இடமல்ல, அதற்கு 916 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடும் போட்டுத் தருகிற கடைக்கே போங்கள். மெட்டி இறுக்கம் தளர்த்த, கொலுசுத் திருகு மாற்ற, அறுந்த சங்கிலி பற்றவைக்க, கல் விழுந்த தோட்டில் கல் பதிக்க என்றால் இங்கே கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். எங்கள் காப்பு இரண்டுக்கும் சேர்த்துக் கூலி 900 ரூபாய் வாங்கினார். சேதாரம் என்று ஒன்றும் பிடிக்கவில்லை. வெட்டின துணுக்கு, அரத்தில் விழுந்த பொடி எல்லாவற்றையும் உருக்கி மிளகு அளவில் ஒரு குண்டு செய்து அதையும் திருப்பித் தந்துவிட்டார்.

காப்பு போட்ட அன்று இரவு விடாத மழை. பாப்பா அம்மாவின் பக்கத்தில்தான் தூங்கியது. குறுந்தொகையில் நக்கீரர் பாட்டு ஒன்று உண்டு, 161, இதே போல மழை ஓயாத இராத்திரியில் புலிப்பல் தாலி போட்ட குழந்தையை அணைத்துக்கொண்டு ஒரு தாய் படுத்திருப்பாள். அங்கே தாலி என்பது குழந்தையின் காவல் நகை, கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த மலையில் புலி இன்னும் இருக்கிறது, பல் நகை போய்விட்டது. விளக்கை அணைக்கப் போனவள் பார்த்தேன், அம்மா தூக்கத்திலேயே பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், காப்பின் மேல் கட்டைவிரல்.

காப்பைக் கொஞ்சம் பெரிதாகவே செய்திருக்கிறார், வாய் மூடாமல் விட்டு. குழந்தை வளர வளர விரித்துக்கொள்ளலாம், மூன்று வயது வரை போதும் என்றார். அப்புறம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார், அந்த மிளகுக் குண்டையும் சேர்த்துக் கொலுசாக மாற்றித் தருகிறாராம்.