கிட் அனெக்ஸ்: பழுதுபார்க்கும் வேலையில் எப்படி?

மூன்று ஹார்டு டிஸ்க், ஒரு லேப்டாப், ஒரு சர்வர் என்று டெராபைட் கணக்கில் படமும் வீடியோவும் சிதறிக் கிடக்கிறவர்களுக்கு கிட் அனெக்ஸ் நல்ல மென்பொருள். ஜோயி ஹெஸ் 2010-இல் ஹாஸ்கெல் மொழியில் எழுதத் தொடங்கியது, இலவசம். கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளின் மேல் இது ஓடுகிறது, ஆனால் பெரிய கோப்பைக் கிட்டுக்குள் திணிப்பதில்லை. உள்ளடக்கம் ‘.கிட்/அனெக்ஸ்/ஆப்ஜெக்ட்ஸ்’ அடைவில் செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணை) பெயராகக் கொண்டு பூட்டிக் கிடக்கும். எது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற கணக்கு ‘கிட்-அனெக்ஸ்’ என்ற தனிக் கிளையில் இருக்கும். பேரேடு வேறு, கிடங்கு வேறு. பழுது வந்தால் இரண்டில் எது கெட்டது என்று தெரியாமல் கை வைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடிக்கடி கேட்கும் புகார்: ‘சிங்க் (ஒத்திசைவு) ஓடியது, பெயர்கள் வந்தன, கோப்பைத் திறந்தால் ஒன்றுமில்லை.’ இது பழுதே இல்லை. பேரேடு வந்திருக்கிறது, சரக்கு வரவில்லை. ‘கிட் அனெக்ஸ் சிங்க் --கன்டென்ட்’ என்று வெளிப்படையாகக் கொடுத்தால் சரக்கும் வரும். பதிப்பு எதுவானாலும் அப்படிக் கொடுத்துப் பழகுவது நல்லது. 2023 நடுவிலிருந்து வந்த பதிப்புகளில் ‘அசிஸ்ட்’ என்ற கட்டளையும் உண்டு. புதுக் கோப்பைச் சேர்ப்பது, கமிட் (மாற்றத்தை வரலாற்றில் பதிவது), இழுப்பது, தள்ளுவது, உள்ளடக்கம் அனுப்புவது எல்லாவற்றையும் அது ஒரே மூச்சில் முடிக்கும்.

அப்படியும் ஒரு சர்வருக்கு மட்டும் எதுவும் போகவில்லை என்றால் கான்ஃபிக் கோப்பைத் திறந்து ‘அனெக்ஸ்-இக்னோர்’ என்ற வரியைத் தேடுங்கள். முதல் முறை இணைந்தபோது அந்தச் சர்வரில் கிட் அனெக்ஸ் ஷெல் என்ற துணை நிரல் இல்லாவிட்டால், அந்த ரிமோட்டை (இணைத்துள்ள வெளி நகலை) இனிப் பொருட்படுத்த வேண்டாம் என்று மென்பொருள் தானே குறித்துக்கொள்ளும். பிறகு சர்வரில் நிறுவினாலும் அந்தக் குறிப்பு போகாது. ‘ஃபால்ஸ்’ என்று நாம்தான் மாற்ற வேண்டும். கிட்ஹப்பில் அந்த ஷெல் கிடையாது, எனவே சாதாரண ரிமோட்டாக அங்கே பேரேட்டை மட்டுமே வைக்க முடியும். கிட்லேப் ஒரு காலத்தில் ஆதரவு தந்து, 2017-இல் 9.0 பதிப்போடு எடுத்துவிட்டது.

இரண்டு இடத்தில் ஒரே கோப்பை மாற்றியிருந்தால் எதையும் அழிக்காமல், பெயரில் ‘வேரியன்ட்’ என்று ஒட்டி இரண்டையும் வைக்கிறது. பார்க்க அசிங்கம், ஆனால் சரியான முடிவு.

இனி உண்மையான உடைசல். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலோ யூஎஸ்பி டிஸ்க்கைப் பிடுங்கினாலோ கிட் தன் வரலாற்றை வைக்கும் ‘.கிட்/ஆப்ஜெக்ட்ஸ்’ அடைவில் 0 பைட் கோப்புகள் மிஞ்சும். கோப்பு முறைமை பெயரைப் பதிந்துவிட்டது, தரவு வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. முதலில், பின்னணியில் தானாக ஒத்திசைக்கும் அசிஸ்டென்ட் உட்பட ஓடும் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அனெக்ஸ் ஆப்ஜெக்ட்ஸ் நீங்கலாக ‘.கிட்’ அடைவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். கிட் ஓடும்போது போடும் பூட்டுக் கோப்பான ‘இண்டெக்ஸ்.லாக்’ கிடந்தால், வேறு கிட் எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே அழியுங்கள். ‘கிட் எஃப்எஸ்சிகே’ என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிச் சேதத்தின் அளவைப் பாருங்கள். அதன் பிறகுதான் ‘கிட் அனெக்ஸ் ரிப்பேர்’.

இந்த மென்பொருளுக்கு மதிப்பெண் போடச் சொன்னால், முழுதாகக் கொடுக்கத் தோன்றுவது ரிப்பேருக்குத்தான். உடைந்த ஆப்ஜெக்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, காணாமல் போனவற்றை மற்ற ரிமோட்டுகளிலிருந்து கொண்டுவரும். எனவே பழுதுபார்க்கும் நேரத்தில் நல்ல நகல் உள்ள டிஸ்க்கையும் மாட்டி வையுங்கள். ரிமோட் எட்டாத நிலையில் ஓட்டினால் பாதிதான் தேறும். பல ஆப்ஜெக்ட்டுகளைச் சுருக்கிக் கட்டிய பேக் கோப்புகளை அது தனித்தனி ஆப்ஜெக்ட்டுகளாகப் பிரித்துப்போடும் என்பதால் பெரிய களஞ்சியத்தில் (பேரேடும் கிடங்கும் சேர்ந்த முழு அடைவில்) காலி இடம் தாராளமாக வேண்டும். முடிந்ததும் ‘கிட் ஜிசி’ ஓட்டினால் மீண்டும் சுருங்கும். எங்கிருந்தும் மீட்க முடியாதபோது ‘--ஃபோர்ஸ்’ கேட்கும். அதைக் கொடுத்தால் கிளையைச் சேதமில்லாத பழைய கமிட்டுக்குப் பின்னிழுக்கும், இடைப்பட்ட வரலாறு போகும். எல்லா டிஸ்க்கையும் மாட்டிப் பார்த்த பிறகே அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள்.

பேரேடு பின்னால் போனால் இருப்புக் கணக்கும் பழையதாகிவிடும். ஆகவே அடுத்து ‘கிட் அனெக்ஸ் எஃப்எஸ்சிகே’. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் கிட்டின் எஃப்எஸ்சிகே வேறு, இது வேறு. இது கிடங்கில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துச் செக்சம் பார்த்து, கணக்கைத் திருத்தும். கெட்டதை ‘.கிட்/அனெக்ஸ்/பேட்’ அடைவுக்குத் தள்ளிவிடும். பிறகு ‘கெட்’ கொடுத்தால் வேறு டிஸ்க்கிலிருந்து நல்ல நகல் வரும். ‘--ஃபாஸ்ட்’ சேர்த்தால் செக்சம் பார்க்காது, வட்டில் பிட் கெட்டதா என்று அறிய அது உதவாது. டெராபைட் அளவுக்கு ‘--இன்கிரிமென்டல்-ஷெட்யூல் 30டி --டைம்-லிமிட் 5ஹெச்’ என்று இரவில் ஓட விடலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும். டிஸ்க் பழுதுபார்ப்பில் மீண்டவை சேரும் லாஸ்ட் அண்டு ஃபவுண்ட் அடைவில் பெயரிழந்து கிடப்பவற்றுக்கு ‘ரீஇன்ஜெக்ட் --நோன்’ இருக்கிறது. செக்சம் பொருந்துவதை அதுவே உள்ளே எடுத்துக்கொள்ளும்.

இந்த உடைசல் வராமல் தடுக்க, தரவு வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்யும், கிட் 2.36 முதல் உள்ள ‘கோர்.எஃப்சிங்க்’ அமைப்பை ‘ஆல்’ என்று வையுங்கள். வேகம் சற்றுக் குறையும். ‘.கிட்’ அடைவை டிராப்பாக்ஸ், சிங்க்திங் போன்ற ஒத்திசைவு மென்பொருள்களுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கிளைக் கோப்புகளுக்கே முரண்பாட்டு நகல் போட்டு அவை களஞ்சியத்தைக் குலைக்கும். முழுக் களஞ்சியத்தையும் ‘சிபி’ கட்டளையால் நகலெடுத்தாலும் சிக்கல்தான். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் இரண்டு பிரதியும் ஒன்றாகவே எண்ணப்படும். நகலில் ‘அனெக்ஸ்.யூயூஐடி’ வரியை நீக்கி மறுபடி ‘இனிட்’ செய்யுங்கள். இயல்பில் ஒரு பிரதி இருந்தாலே மென்பொருளுக்குப் போதும் என்பதால், குறைந்தது இரண்டு பிரதி வேண்டும் என்னும் ‘நம்காப்பீஸ் 2’ என்று முதல் நாளே வைத்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஃபேட், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் ஒரே உள்ளடக்கத்தை வேறு பெயரில் காட்டும் சிம்லிங்க்கும் ஹார்டு லிங்க்கும் இல்லாததால் ஒவ்வொரு கோப்பும் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். அங்கே களஞ்சியம் வேண்டாம், ‘டைரக்டரி’ வகை ரிமோட்டாக, கோப்பைத் துண்டாக்கும் ‘சங்க்=50எம்ஐபி’ கொடுத்து வையுங்கள், ஃபேட்32-இன் 4 ஜிபி வரம்பும் தடையாகாது. லட்சத்துக்கு மேல் கோப்பு சேர்ந்தால் மந்தம். விண்டோஸில் நேரடியாக ஓட்டுவதை விட விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் ஓட்டுவது நிம்மதி. விளையாட்டாக நிறுவிப் பார்த்துவிட்டு அடைவை அழிக்கப் போனால் அனுமதி மறுக்கப்படும், ஆப்ஜெக்ட்டுகள் எழுதத் தடை போட்டவை. ‘சிஹெச்மாட் -ஆர் யூ+டபிள்யூ’ கொடுத்த பிறகே அழியும்.