கிராபிக்ஸ் கார்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

என்னுடைய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்குத் தேவைப்பட்டது சூட்டைக் கடத்தும் புதிய பசையும் பட்டைகளும், அதாவது தெர்மல் பேஸ்ட்டும் தெர்மல் பேடுகளும் மட்டுமே. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் அதற்கு "ரீபாலிங்" (சிப்பைக் கழற்றி, அடியிலுள்ள பற்றவைப்பு இணைப்புகளைப் புதிதாக்கும் வேலை) என்று பெயர் சூட்டி, 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, நன்றாகப் பிழைத்திருக்க வேண்டிய கார்டைச் சுட்டுக் கெடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதமாக ஆத்திரம் அடங்கவில்லை. கோடையில் இதே கோளாறோடு இதே மாதிரிக் கடைகளுக்கு இன்னும் பலர் போவார்கள் என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

கார்டை 2023 தொடக்கத்தில் பழையதாக வாங்கினேன். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிய பிறகு, அதுவரை இரவு பகலாக மைனிங்கில் (கணக்கீடு செய்து அந்த நாணயத்தை ஈட்டும் வேலையில்) ஓடிய கார்டுகள் சந்தைக்கு மொத்தமாக வந்தன. என்னுடையதும் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் குறையும் இல்லை. ஏப்ரல் பிறந்ததும் ஆரம்பித்தது. விளையாட்டு தொடங்கி இருபது நிமிடம் ஆனதும் தரையில் வண்ண முக்கோணங்கள் சிதறும், சுவர்கள் கறுப்புப் பட்டையாக இழுபடும். பிறகு திரை அணைந்து, மூன்று விசிறிகளும் முழு வேகத்தில் அலறும். கணினியை அணைத்துப் போட்டால்தான் அடங்கும்.

கார்டின் முதன்மைச் சிப்பின் வெப்பநிலையைப் பார்த்தேன். 76 டிகிரி. அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் இந்தக் கார்டில் பார்க்க வேண்டிய எண் வேறு. சிப்பைச் சுற்றிப் பத்து நினைவகச் சில்லுகள் இருக்கின்றன. ஜிடிடிஆர்6எக்ஸ் வகை என்பதால் மிகவும் சூடாகும். அவற்றின் சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் தனி வரியில் காட்டும். என் கார்டில் அந்த வரி 110 டிகிரியைத் தொட்டு நின்றது. அந்த அளவில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சில்லுகளின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்துபவை தெர்மல் பேடுகள் என்ற மெல்லிய, மென்மையான பட்டைகள். வருடக்கணக்கில் வெந்தால் அவை காய்ந்து, எண்ணெய் கசிந்து, பொடிப்பொடியாகிவிடும். அப்புறம் விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றும் பயன் இல்லை.

இந்த எண்களைப் படம் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. "தம்பி, இது பேஸ்ட் விஷயம் இல்லை. சிப்புக்கு அடியில் ஈயம் விட்டுப்போயிருக்கிறது. ரீபாலிங் செய்தால்தான் சரியாகும்" என்றார். கார்டைக் கழற்றவும் இல்லை, கணினியில் மாட்டவும் இல்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தே முடிவு சொன்னார். "அண்ணா, என் எதிரில் ஒருமுறை திறந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். உள்ளே ஆள் இல்லை, விட்டுவிட்டுப் போங்கள் என்றார். பில்லும் கிடையாது. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் மாடல் பெயரும் தொகையும் எழுதிக் கொடுத்தார். பணத்தை யுபிஐயில் அனுப்பினேன். இன்று என் கையில் இருக்கும் ஒரே வலுவான ஆதாரம் அதுதான்.

ஒன்பது நாள் கழித்து அழைத்தார். ஒரு சோதனை மென்பொருளை இரண்டு நிமிடம் ஓட்டி, சிப் 68 டிகிரி என்று காட்டினார். குறைந்திருக்கிறதே என்று நம்பி வாங்கி வந்தேன். நினைவகத்தின் சூட்டை அவரும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காலையில் கணினியைப் போட்டதுமே திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள். விண்டோஸ் வருவதற்கு முன்பே, பயாஸ் திரையிலேயே! விளையாடும்போது மட்டும் கோளாறு வந்தால் சூடு, மின்சாரம், டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்று பல காரணங்கள் இருக்கலாம். டிரைவரே ஏறாத பயாஸ் திரையில் கோடு வந்து, கேபிளும் மானிட்டரும் சரியாக இருந்தால், பழுது கார்டின் உடம்பில்தான் இருக்கிறது. கடைக்கு ஓடினேன். "இது வேறு கோளாறு, இன்னும் ஆறாயிரம் ஆகும்" என்றார்.

கோயம்புத்தூரில் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒருவரை நண்பர் சொன்னார். அவர் கார்டை வாங்கியதும் என்னைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, விளக்கின் கீழ் திறந்தார். மேல்மூடியைத் தூக்கியதும் பற்றவைப்பில் தடவும் ஃப்ளக்ஸ் கருகிய வாடை வந்தது. சிப்பின் ஓரமெல்லாம் மஞ்சள் பிசின் காய்ந்து கிடந்தது. பக்கத்திலிருந்த ஒரு பிளாஸ்டிக் இணைப்பான் ஒரு பக்கமாக உருகி வளைந்திருந்தது. பேடுகள் புதியவைதான். அவர் ஊசிமுனை இடுக்கியால் ஒரு பேடின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். நீல நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் உரிந்து வந்தது. கடையில் வாங்கும்போது பேடின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாள். அதை உரிக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். பத்துச் சில்லுகளில் ஏழின் மேல் இருந்த பேடுகளில் அந்தத் தாள் இருந்தது. மீதி மூன்று சில்லுகளின் மேல் பேடே இல்லை.

ரீபாலிங் நடக்கவே இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார். அந்த வேலை செய்ய வேண்டுமானால் சிப்பைப் பலகையிலிருந்து முழுதாக எடுக்க வேண்டும். பழைய பற்றுக்கலவையை (ஈயம் என்று பேச்சில் சொல்வது) சுத்தமாக வழித்து, அச்சுத் தகடு வைத்துப் புதிய பற்றுக்கலவைக் குண்டுமணிகளை வரிசையாகப் பதித்து, அடியிலிருந்தும் மேலிருந்தும் அளந்து சூடேற்றும் இயந்திரத்தில் மறுபடி உட்கார்த்த வேண்டும். ஈயம் கலக்காத இன்றைய பற்றுக்கலவை உருகவே சுமார் 217 டிகிரி வேண்டும். என் கார்டில் நடந்தது ஹீட் கன்னை மேலிருந்து காட்டியது மட்டுமே. அப்படிச் சுட்டால், இணைப்பு விட்டுப்போன கார்டுகூடச் சில நாள் ஓடும். விரிசல்கள் சூட்டில் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், பிறகு மீண்டும் விட்டுவிடும். அந்தச் சில நாள்தான் இந்தக் கடைகளின் மூலதனம். ஆனால் என் கார்டில் இணைப்பு விட்டுப்போகவே இல்லை! ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த நினைவகச் சில்லுகளுக்கு மேலும் சூடு கொடுத்து, இருந்த குளிர்ச்சியையும் பிளாஸ்டிக் தாளால் அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சில்லுகள் போய்விட்டன. மாற்றலாம், ஆனால் பலகையே சூட்டில் வளைந்திருப்பதால் எத்தனை நாள் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது, வீண் செலவு வேண்டாம் என்றார். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை.

உங்கள் கார்டுக்கு இந்த நிலை வரக் கூடாது. முதலில் கடைக்கே போகாதீர்கள். தூசியைத் தட்டுங்கள், கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள், விளையாட்டில் ஃபிரேம் வேகத்துக்கு நொடிக்கு 60 என்று வரம்பு வையுங்கள், கார்டின் மின்வரம்பை எண்பது சதவீதத்துக்குக் குறையுங்கள். இவை எதற்கும் செலவில்லை. இதிலேயே திரைக்கோளாறு நின்றுபோனால் குற்றவாளி பெரும்பாலும் சூடுதான். பேஸ்ட்டும் பேடும் மாற்றினாலே போதும். ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) என்று காட்டும் எண், சிப்பின் எண்ணைவிட 25, 30 டிகிரி கூடுதலாக இருந்தால், பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது மேலுள்ள உலோகம் சரியாக அமரவில்லை என்று பொருள்.

அதற்குமேலும் கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், உங்கள் எதிரில் திறக்கச் சம்மதிக்காத இடத்தில் கார்டைக் கொடுக்காதீர்கள். பேடின் தடிமன் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. அரை மில்லிமீட்டர் கூடினால்கூட உலோகம் சிப்பின் மேல் படியாது. எத்தனை மில்லிமீட்டர் போடப்போகிறார் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடச் சோதனையை ஏற்காதீர்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, நினைவகச் சூட்டின் வரியைப் பாருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ரிச்சி தெருவில் நேர்மையாக உழைப்பவர்கள் ஏராளம், அவர்களிடம் பல வருடம் வாங்கியிருக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கடையும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். யுபிஐ ரசீது, வெப்பநிலைப் படங்கள், கோயம்புத்தூரில் திறந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். நீலத் தாள்கள் ஏழும் ஒரு உறையில் என் மேசையில் இருக்கின்றன. சென்ற வாரம் கடைக்காரரே அழைத்தார். மூவாயிரம் தருகிறேன், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் தம்பி என்றார். மறுத்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.