பயாஸில் தெரியும் டிரைவ், இன்ஸ்டாலரில் தெரியாது

பழைய 512 ஜிபி டிரைவைத் தூக்கிவிட்டு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்) போட்ட என் லேப்டாப் எப்படி ஓடுகிறது, தானும் அப்படிப் போடலாமா என்று நண்பர் கேட்கிறார். நன்றாகவே ஓடுகிறது, டிரைவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுவதும் பெரிய வித்தையில்லை. பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட வேண்டும். ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால் பழைய டிரைவ் தானே மேலே எழும்பும், புதியதைச் சாய்வாகச் செருகி அமுக்கித் திருகினால் முடிந்தது. எம்.2 ஸ்லாட் (டிரைவைச் செருகும் இடம்) 2280க்கா (80 மி.மீ. நீளம்) 2242க்கா (42 மி.மீ.) என்று மட்டும் வாங்குமுன் பாருங்கள்.

கடுப்பு அதற்கப்புறம், காலியான புது டிரைவில் விண்டோஸ் போடும்போது. 11ஆம் தலைமுறை தொடங்கி இன்டெல் லேப்டாப் பலவற்றில் விஎம்டி என்ற, டிரைவ்களை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஆன் செய்யப்பட்டே வருகிறது. டிரைவுக்குப் போகிற வழி அதன் வழியாகத்தான். விண்டோஸ் 11 பூட் பென்டிரைவில் அதற்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) பெரும்பாலும் இருக்காது. விளைவு: பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் லேப்டாப்பின் செட்டிங்ஸ் திரை) எஸ்எஸ்டியின் பெயர் பளிச்சென்று தெரியும், விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிரைவ் பட்டியல் காலி. புது டிரைவ் செத்துவிட்டது என்று கடைக்குத் திருப்பித் தூக்கிப்போக இது போதும். பல டிரைவ்களை ரெய்டில் (ஒரே தொகுப்பாக) கட்டும் சர்வருக்கு விஎம்டி வேண்டும், சரி. ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் இதற்கு என்ன வேலை?

தீர்வு: லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டிக்கு வேண்டியது இதுதான்) இறக்குங்கள். எக்ஸ்இ கோப்பை அப்படியே காட்டினால் இன்ஸ்டாலர் சீண்டாது. பிரித்தெடுத்து, ஐஎன்எஃப் (.inf) கோப்பு இருக்கும் ஃபோல்டரைப் பென்டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்து அதைக் காட்ட வேண்டும். டிரைவ் உடனே பட்டியலில் வந்து நிற்கும். பயாஸில் விஎம்டியையே அணைப்பது இன்னும் சுலபம், ஆனால் டிரைவ் காலியாக இருக்கும்போது மட்டும். விண்டோஸ் போட்ட பிறகு அதை மாற்றினால் 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை விழும். சில ஏசர் மாடல்களில் அந்த ஆப்ஷனே ஒளிந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் தட்டினால் வெளியே வரும்.

இதைத் தாண்டினால் வைஃபை டிரைவர் இருக்காது. நெட் இல்லாமல் விண்டோஸ் 11 ஹோம் மேலே நகராது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காமல் வேலை செய்யும்.

பழைய டிரைவைக் கழற்றுமுன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ரிகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து வையுங்கள். என்க்ரிப்ட் ஆன டிரைவை வெளியே என்க்ளோஷரில் (யூஎஸ்பியில் செருகும் டிரைவ் கூடு) போட்டால் அந்த 48 இலக்கம் இல்லாமல் ஒரு போட்டோகூடத் திறக்காது.

எதிர்பார்க்காத நிம்மதி, ஆக்டிவேஷன். லேப்டாப்போடு வந்த விண்டோஸின் கீ மதர்போர்டு ஃபர்ம்வேரிலேயே இருப்பதால், டிரைவ் புதிதானாலும் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடுகிறது. முன்பிருந்த அதே எடிஷனைப் போட்டால் போதும். ஒருத்தராவது ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்தாலும் நண்பருக்கு என் பதில், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடாதீர்கள். இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருந்தால் புதியதை அதில் மாட்டி, கோப்புகளை நகர்த்திக்கொண்டு, ஓஎஸ்ஸைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.