சாந்தன் கம் பொடி (80 மெஷ்): சூட்டிலும் இளகாத கெட்டி

சூடாகப் பாட்டிலில் நிரப்பி, ஆறிய பின்னும் அதே பதத்தில் நிற்கவேண்டிய சாஸுக்கோ சிரப்புக்கோ முதலில் எடுக்கவேண்டிய கெட்டியாக்கும் பொடி சாந்தன் கம்தான். கொத்தவரை விதையிலிருந்து வரும் குவார் கம் விலை குறைவு. 25 டிகிரி செல்சியஸில் அதன் 1 சதவீதக் கரைசல் சாந்தனைவிடக் கெட்டியாகக்கூட இருக்கும். ஆனால் சூடு ஏற ஏற இளகிவிடும். ஆறினால் பெரும்பாலும் திரும்ப இறுகும். நெடுநேரம் கொதித்துவிட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளே அறுந்துபோகும், போன கெட்டி திரும்பாது.

சாந்தன் தாங்குவதற்குக் காரணம் அதன் அமைப்பு. செல்லுலோஸ் போன்ற முதுகெலும்பில், ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸில் மூன்று சர்க்கரைகள் கொண்ட பக்கக்கிளை இருக்கிறது. கிளைகள் முதுகெலும்பை ஒட்டிப் படிவதால் மூலக்கூறு கம்பிபோல விறைத்து நிற்கிறது. கிளைகளில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளும். உப்புதான் அந்தத் தள்ளலை அடக்குகிறது. உப்பே இல்லாத நீரில் 40–60 டிகிரியிலேயே இந்த அமைப்பு குலைந்து பாகுத்தன்மை (கரைசலின் கெட்டி) சரியத் தொடங்கும். 0.1 சதவீத உப்பு இருந்தால் 80 டிகிரி வரை பெரிய மாற்றம் தெரியாது. பொடியைக் குறை சொல்பவர்கள் பலர் இந்தச் சிட்டிகை உப்பைத்தான் விட்டிருப்பார்கள். உப்பை முதலிலேயே போட்டாலும் கெடுதல்: பொடி நீரை உறிஞ்சுவது தாமதமாகும். வெறும் நீரில் முழுதாக ஊறிய பிறகே சேர்க்கவேண்டும்.

100 மில்லி தண்ணீருக்கு 0.3 கிராம் போதும். பொடியை அதன் எடையைப்போல் பத்து மடங்கு சர்க்கரையுடன் உலர்வாகக் கலந்து, வேகமாகச் சுழலும் நீரில் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் உப்பி உள்ளே உலர்ந்த கட்டிகள் நிற்கும், சூடாக்கினாலும் கரையாது. மெஷ் என்பது சலிக்கும் வலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்கள் என்ற எண்; எண் கூடினால் பொடி நைஸாக இருக்கும். 200 மெஷ் சீக்கிரம் ஊறும், ஆனால் கட்டி தட்டும் வாய்ப்பு அதிகம். கையால் கலக்குபவர்களுக்கு 80 மெஷ்தான் நல்லது. காற்றுக்குமிழ்கள் எளிதில் மேலே வராது என்பது உண்மையான குறை. 0.5 சதவீதத்தைத் தாண்டினால் நூல்போல இழுபடும் வழவழப்பும் வரும்.

வாங்கும்போது தரச்சான்றில் "1200–1600 சென்டிபாய்ஸ்" என்று பாகுத்தன்மை அலகில் ஓர் எண் மட்டும் இருந்தால் போதாது. 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில், 25 டிகிரியில், நிமிடத்துக்கு 60 சுற்றில் அளந்தது என்பதும் இருக்கவேண்டும். கிளறும் வேகம் கூடினால் இந்தக் கரைசல் இளகும், நின்றால் மீண்டும் இறுகும். வேகம் சொல்லாத எண்ணை வைத்து இரண்டு பொடிகளை ஒப்பிட முடியாது.