டை வெட்டும் முன் மோல்டு ஃப்ளோ ரிப்போர்ட்: பணம் போடலாமா?

பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்குப் போகும் சொட்டுநீர் ஃபில்டரின் மூடிதான் எங்கள் பட்டறையில் அதிகம் ஓடுவது. பாலிப்ரொப்பிலீன், ஓரத்தில் மரை, உள்ளே ஓ-ரிங் உட்கார வேண்டும். மூடி லேசாக வளைந்தாலும் தண்ணீர் கசியும், தோப்புக்காரர் அன்றைக்கே கடைக்காரரைப் பிடித்துவிடுவார். அதனால் புது டை (மூடியை வார்க்கும் அச்சு) வெட்டும் முன் துவாக்குடியில் ஒரு டிசைன் சென்டரில் மோல்டு ஃப்ளோ அனாலிசிஸ், அதாவது அச்சுக்குள் பிளாஸ்டிக் எப்படி ஓடி நிரம்பி ஆறும் என்று கம்ப்யூட்டரில் பார்க்கும் கணக்கு, போட்டு வாங்கினோம். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் சின்ன பட்டறை வைத்திருப்பவர்கள் இதற்குச் செலவு செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், ஆனால் ரிப்போர்ட்டில் எல்லாப் பக்கத்தையும் ஒரே மாதிரி நம்பக்கூடாது.

நிரம்பும் படம் அருமை. பக்கவாட்டில் கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழையும் வாய்) வைத்துத்தான் டிராயிங் போட்டிருந்தோம். மரை இருக்கும் ஓரம் மேல்தட்டைவிடக் கனம், உருகிய பிளாஸ்டிக் எதிர்ப்பு குறைவான அந்த ஓரத்திலேயே சுற்றி ஓடி எதிர்ப்பக்கம் கைகோத்துவிடுகிறது, மேல்தட்டில் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. வெல்டு லைன் (இரண்டு ஓட்டமும் சேரும் தழும்பு) விழுவது சரியாக ஓ-ரிங் உட்காரும் இடத்தில்! இதைத் திரையில் பார்த்த பிறகு கேட்டை நடுவுக்கு மாற்றினோம், இப்போது காற்று பார்ட்டிங் லைன் (டையின் இரண்டு பாதியும் சேரும் கோடு) வழியாகப் போய்விடுகிறது. டை வந்ததும் வேண்டுமென்றே ஷார்ட் அடித்து, அரைகுறையாக நிரம்பிய துண்டுகளைப் படத்தோடு வைத்துப் பார்த்தோம், அச்சு அசலாக ஒத்துப்போனது.

டிசைன் சென்டரில் ஓட்டியது மோல்டுஃப்ளோ என்ற சாஃப்ட்வேர். காலின் ஆஸ்டின் 1978-ல் மெல்போர்னில் ஆரம்பித்தது, 2008-லிருந்து ஆட்டோடெஸ்க்கிடம் இருக்கிறது. இவ்வளவு காலம் தேறி வந்த கணக்கு, நிரம்பும் விஷயத்தில் அது தெரிகிறது.

வளைவு, சுருக்கம் வேறு கதை. பாலிப்ரொப்பிலீன் பொதுவாக 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும், அதாவது 100 மில்லிமீட்டர் மூடியில் 1 மில்லிமீட்டரா இரண்டரையா என்பது கிரேடையும், பேக்கிங் பிரஷரையும் (நிரம்பிய பிறகு கொடுக்கும் அழுத்தம்), டை எவ்வளவு சீராகக் குளிர்கிறது என்பதையும் பொறுத்தது. முதல் ரிப்போர்ட்டில் எங்கள் மெட்டீரியல் என்னவென்று கேட்காமலேயே சாஃப்ட்வேரில் இருந்த ஏதோ ஒரு கிரேடைப் போட்டு ஓட்டியிருந்தார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ரீப்ராசஸ் குருணை (பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தது) கலந்தால் உருகி ஓடும் தன்மையே மாறிவிடும், அதைச் சொல்லாமல் வரும் வளைவுப் படம் வெறும் கலர்தான். கிரேடு பெயர், எம்.எஃப்.ஐ. (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு), கலவை எல்லாம் எழுதிக் கொடுத்து மறுபடி ஓட்டச் சொன்னோம், இந்தத் தடவை பீஸ் அளவுக்குப் பக்கத்தில் வந்தது.

அப்புறம் தண்ணீர். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) இல்லாத பட்டறையில் சித்திரை மாதத்துக் கூலிங் டவர் தண்ணீர் எந்தச் சூட்டில் வருகிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். அவர்களாகவே 25 டிகிரி என்று போட்டுக்கொண்டால் கூலிங் டைம் குறைவாகக் காட்டும், அதை நம்பி விலை பேசினால் நஷ்டம் நமக்குத்தான்.

பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நிரம்பும் அனிமேஷனையும் பிரஷர் கிராஃபையும் சேர்த்துக் கேளுங்கள், மெஷின் முன்னால் நிற்கும் ஆபரேட்டருக்கு உதவுவது அவைதான்.